தோலால் கட்டிய கரை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து மீதியைத் தின்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க மருமக கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ. தூங்கறப்ப மட்டுந்தான் கழட்டி வெப்பா" என்று சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் என்னால் உட்கார முடியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அங்கே அடித்த நாற்றம்.

நான் பிறந்தது நாமக்கல் பக்கம். வாழ்க்கைப்பட்டது தம்மம்பட்டிப் பக்கம். வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். வீட்டுக்குப் பின்னால் மாமனாரின் ஜவ்வரிசி மில். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவி, அரைத்து, பாலெடுத்துத் தொட்டிகளில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் தங்கும். மேலே நிற்கிற தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது போகிற வழியெல்லாம் புளித்துப் போய், செத்த எலி கிடக்கிற அறையைத் திறந்த மாதிரி வீசும். சீசன் தொடங்கினால் தலையணை உறை வரைக்கும் அந்த வாடைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மாமனாருக்குக் கோபம் வரும். "அது நம்ம ஊட்டு வாசன அம்மணி, அதுலதான் சோறு வருது" என்பார். சோறு வந்தது உண்மைதான். எனக்குத்தான் இறங்கவில்லை.

என் கணவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானும் என் இரண்டு வயது மகளும் அந்தப் பெரிய குடும்பத்தோடும் அந்த நாற்றத்தோடும் கிடக்க வேண்டும். தனியாக ஒரு வீடு வேண்டும் என்று நான் நச்சரித்ததில் மாமனார் கடைசியில் பள்ளக்காட்டைக் கொடுக்கச் சம்மதித்தார். மில்லுக்குக் கிழக்கே, காற்று நாற்றத்தை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிற இடம். மனைபூசை போட்டு, நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடித்து மஞ்சள் துணி கட்டியாயிற்று. செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. சித்திரை கழிந்தால் வேலை தொடங்கலாம் என்றார்கள். நான் தினமும் ஒரு நடை அங்கே போய், இங்கே அடுப்பு, இங்கே ஜன்னல் என்று நின்று பார்த்துவிட்டு வருவேன். அங்கே மட்டும்தான் எனக்குக் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது.

தை பிறந்ததும் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருவார்கள், கிழங்குத் தோல் சீவ. மில்லுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை ஒன்று அவர்களுக்காக இருந்தது. கைக்குழந்தை, சட்டி, கத்தி, ஒரு கம்பளி. அவ்வளவுதான் சாமான். இங்கே சம்பாதிக்கிறதுதான் மலையில் மழைமாதத்துக்குச் சோறு. சீவுகிற வேகத்தைப் பார்த்தால் கண் வலிக்கும். கிழங்கைத் தொட்டதும் தோல் ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் விழும்.

ஆனால் வந்திறங்கியதும் கத்தியைத் தொட மாட்டார்கள். முதல் வேலை ஊற்று. தை மாதத்தில் ஓடையில் ஓட்டம் நின்றுவிடும். மணலுக்கு அடியில் மட்டும் தண்ணீர் இருக்கும். அவர்கள் ஓடையில் மேலும் கீழும் நடந்து, மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, ஒரு இடத்தைத் தோண்டுவார்கள். சுற்றிலும் கல் அடுக்கி, மாடு வாய் வைக்காமல் முள் போடுவார்கள். அதற்கு மேற்பக்கம் யாரும் கால்கூடக் கழுவக் கூடாது. குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் கீழே. பொழுது சாயும்போது கடைசியாகத் தண்ணீர் எடுக்கிறவள் ஊற்றைக் கொட்டாங்குச்சியால் அடிவரை இறைத்துவிட்டுத்தான் போக வேண்டும். விடியும்போது புதுத் தண்ணீர் ஊறி நிற்கும். எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு. அதனால் தை முதல் வைகாசி வரை ஊரே அவர்களுடைய ஊற்றில்தான் குடித்தது. எங்கள் வீட்டுக் குடமும் அங்கேதான் போகும். எடுத்து வருகிறவள் நான். வீட்டைவிட்டு வெளியே போக ஒரு சாக்குக் கிடைத்தால் விடுவேனா.

அவர்களிடம் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஊற்றை யார் அழுக்காக்கினாலும், சின்னக் குழந்தை மண்ணைத் தள்ளினாலும்கூட, அந்த வீட்டுப் பெண் எல்லோர் முன்னாலும் அதை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் குடித்த பிறகுதான் அவள் குடிக்கலாம். மலையில் தங்கள் ஊர்ச் சுனைக்கும் அதுதான் வழக்கம் என்றார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவர்களில் மூத்தவள். நெட்டையான உடம்பு. எந்நேரமும் வெற்றிலை. இடுப்பில் ஒரு வயதுகூட நிறையாத பையன். யாரைப் பார்த்தாலும் கேலி பேசுவாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அதனாலேயே கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவேன்.

எழுபதுகள் முடிகிற சமயம். அந்த வருடம் மாமனார் பெரிய மோட்டாரும் புது அரவை மிஷினும் போட்டார். கிழங்கு லாரி லாரியாக வந்தது. தண்ணீரும் அதே அளவுக்கு வெளியே வந்தது. பழைய காலத்தில் அது மில்லைச் சுற்றியே தேங்கிக் காய்ந்துவிடும். இப்போது தாங்கவில்லை. நேராக ஓடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். அது போய்ச் சேர்ந்த இடம் ஊற்றுக்குச் சற்று மேலே.

முதலில் மணல் வெளுத்தது. பிறகு சாம்பல் நிறமானது. காலையில் நுரை நின்றது. நான் குடத்தை இறக்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். புளிப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தால் மலைப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஏதோ நானே புளிக்க வைத்த மாதிரி. ஒருவகையில் நியாயம்தான். எங்கள் வீட்டுத் தண்ணீர்.

அவர்கள் மேலே போய் வேறு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு முழத்துக்குள் பாறை தட்டியது. கீழே போனால் அதே புளிப்பு. எங்கள் வீட்டுக்கு மட்டும் அடுத்த ஊர்க் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பானை வைத்துத் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஊரில் மற்றவர்கள் அவரவருக்குத் தெரிந்த வழியைத் தேடிக்கொண்டார்கள். கொட்டகைக்காரர்களுக்கு எந்த வழியும் இல்லை. அதே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். அக்காவின் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்து நிற்கவே இல்லை. கை கால் எல்லாம் சூம்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கொட்டகையில் கிடந்தான். வண்டித் தண்ணீரில் ஒரு குடம் தினமும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஒரு குடம் எத்தனை வாய்க்குப் போதும்?

அக்கா மாமனாரிடம் நேராகவே போய்க் கேட்டாள்.

"மொதலாளி, இந்தத் தண்ணிய ஓடையில உடாதீங்க. ஊத்து புளிச்சுப் போச்சு."

"மில்லுன்னா தண்ணி வரத்தான் செய்யும். மலையில இருந்து வரயில தண்ணியவும் மூட்ட கட்டிக்கிட்டு வந்திருக்கோணும்."

"முதுகுல கொழந்தையத்தான் கட்டிக்கிட்டு வந்தோம். தண்ணி இங்க இருக்குதுன்னு நம்பி வந்தோம்."

மாமனார் கெட்டவர் இல்லை. அந்தப் பதிலுக்குச் சிரித்தார்கூட. அடுத்த வருடம் ஒரு குழி வெட்டலாம் என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் விடவில்லை. அன்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "மாமா, தண்ணிய வேற பக்கம் திருப்ப முடியாதுங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வேற பக்கம்னா பள்ளக்காடு ஒண்ணுதான் இருக்குது. உன்ர ஊட்டுல உடட்டுமா?"

அன்று சாயங்காலம் பள்ளக்காட்டுக்குப் போனேன். அடுப்பும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான் கண்ணில் பட்டது. நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, மில்லில் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் தலை தூக்குவார்கள். யாரோ இறந்துவிட்ட மாதிரி ஓடினோம். மில் களத்தில் முழங்கால் அளவுக்குச் சாம்பல் தண்ணீர். மோட்டாரை நிறுத்தியும், திறந்துவிட்டிருந்த தொட்டித் தண்ணீர் வடிந்து ஏறிக்கொண்டே வந்தது. மாவுத் தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி.

மலைப் பெண்கள் வாய்க்காலை அடைத்திருந்தார்கள். முந்தின நாள் சீவிய தோலையெல்லாம் களிமண்ணோடு குழைத்து, கல் கொடுத்து, மிதித்து, வாய்க்காலின் வாயில் கரை கட்டியிருந்தார்கள். ஈரத் தோல் ஊதிப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மலையில் வயலுக்கு இப்படித்தான் கரை போடுவார்களாம். அவர்கள் போட்ட கணக்கு, ஓடைப் பக்கம் அடைத்தால் தண்ணீர் தானாகப் பக்கத்தில் இறங்கித் தரிசில் போய்விடும் என்பது. மலையில் அப்படித்தான். ஒரு பக்கம் மறித்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் பள்ளம் பார்த்துப் போய்விடும். எங்கள் ஊர் நிலம் சோற்றுத் தட்டு மாதிரி மட்டம். போதாததற்கு லாரி திரும்ப வாய்க்கால் ஓரமாக மண் கொட்டி மேடாக்கியிருந்தது. தண்ணீர் போக இடமில்லாமல் வந்த வழியே திரும்பியிருக்கிறது. மாவைக் கெடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அதை யார் நம்புவார்கள்?

"எவ வேல இது?" என்று மாமனார் கத்தினார்.

"நாங்கதான். தண்ணி இப்பிடித் திரும்புமின்னு தெரியாதுங்க" என்றாள் அக்கா.

"உடைங்கடா அதை" என்று அவர் ஆட்களுக்குக் கை காட்டினார். ஆட்கள் மண்வெட்டியோடு இறங்குவதற்குள் மலைப் பெண்கள் போய் அந்தக் கரையின் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சீவுகிற கத்தி மடியில். அக்காவின் மடியில் கத்தியோடு பையனும் கிடந்தான். ஒருத்தியும் வாய் திறந்து சண்டை போடவில்லை. பெண்பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க ஆட்களுக்குக் கை வரவில்லை. ஒருத்தன் மாமனாரைப் பார்ப்பான், இன்னொருத்தன் மண்வெட்டியைப் பார்ப்பான்.

"எந்திரிங்க. கணக்க முடிச்சுக்கிட்டு மலைக்குப் போய்ச் சேருங்க எல்லாரும்."

"போறோம். ஆனா இத உடைச்சா மறுபடி ஊத்துக்குத்தான் போகும். நாங்க போயிட்டாலும் ஊர்ல கொழந்தைங்க குடிக்கும்."

பின்னால் இரண்டு லாரிக் கிழங்கு கொட்டிக் கிடந்தது. குச்சிக்கிழங்கு காத்திருக்காது. சீவி அரைக்காவிட்டால் உள்ளே கறுப்பு ஓடி எதற்கும் ஆகாமல் போய்விடும். இவர்களை அனுப்பிவிட்டால் சீவ ஆள் இல்லை. அனுப்பாவிட்டால் வாய்க்கால் திறக்காது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மாமனார் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் மாறி மாறி நடந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அந்தப் பையனைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்த நிலத்தில் என்னைப்போல யாரும் நடந்ததில்லை. எந்த இடம் எத்தனை விரற்கடை தாழ்வு என்று என் காலுக்குத் தெரியும். வாய்க்காலுக்கும் பள்ளக்காட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மேடு. மாமனாருக்கும் அது தெரியும். மனைபூசை போட்ட இடம், மகனுக்குக் கொடுத்த வாக்கு. அவராக வெட்ட மாட்டார். ஒரு ஆளின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.

இரண்டு வெட்டு வெட்டியதும் பின்னால் அவர் குரல் கேட்டது. "அம்மணி, அது உன்ர ஊடு."

"தெரியுமுங்க மாமா."

அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். வெட்டினேன். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை, தோல் உரிந்து எரிந்தது. மேடு அறுந்ததும் தண்ணீர் என் காலைத் தள்ளிக்கொண்டு போனது. முதலில் மேற்கு மூலை முளைக்குச்சி சாய்ந்தது. மஞ்சள் துணி சாம்பல் தண்ணீரில் கொஞ்ச தூரம் மிதந்தது. நான் அடுப்பு வைக்க நினைத்த இடம் நிறைந்தது. ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோர் மேலும்தான்.

அக்கா எழுந்து வந்தாள். பையனை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மாமியாரும் மறுக்காமல் வாங்கியிருந்தார். "அங்க என்னத்துக்குச் செங்கல் அடுக்கியிருக்குது?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் கேலிக்காரி, ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். வெற்றிலையைத் துப்பினாள்.

"மொதல்லயே இத எங்கிட்டச் சொல்லலியே நீங்க."

"சொல்லியிருந்தா அடைச்சிருக்க மாட்டீங்களா அக்கா?"

"அப்பவும் அடைச்சிருப்போம். உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு அடைச்சிருப்போம்."

பிறகு திரும்பி அவர்கள் பேச்சில் ஏதோ குரல் கொடுத்தாள். கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த நாற்றத் தண்ணீரில் இறங்கி, வரிசையாக நின்று, செங்கல்லைக் கை மாற்றிக் கை மாற்றி மேட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். அடியில் இருந்த வரிசை மட்டும் நனைந்தது. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போகாமல் நேரே கிழங்குக் குவியலுக்குப் போனார்கள். கணக்கை முடிக்கிற பேச்சை மாமனார் அப்புறம் எடுக்கவே இல்லை. மோட்டாரைப் போடச் சொன்னார்.

மறுநாள் காலை ஊற்றங்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். யார் இறைப்பது என்று யாரும் கேட்கவில்லை. வழக்கம் எனக்குத் தெரியும். மாமனாரா வருவார்? நான்தான் உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் இறைத்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மில்காரர் மருமகள் மணலில் மண்டியிட்டு இறைப்பது அவர்களுக்கு வேடிக்கைதான். அன்று புளிப்பு குறையவில்லை. மறுநாளும் இறைத்தேன். அதற்கு மறுநாள் மலைப் பெண்களும் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோடு வந்து உட்கார்ந்தார்கள். மாசி முழுக்க இறைத்திருப்போம். ஒரு நாள் அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, துப்பாமல் விழுங்கினாள். எல்லோரும் குடித்தார்கள். கடைசியில் நான் குடித்தேன். இன்னும் லேசாகப் புளித்தது. ஆனாலும் குடித்தேன்.

மேட்டை வெட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமையே வந்து பார்த்த என் கணவர், பள்ளக்காட்டு ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல" என்றார். "கேக்கறதுக்கு இங்க யாரு இருந்தாங்க?" என்றேன். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். மாமனார் ஆள் விட்டுப் பள்ளக்காட்டை ஆழமாக வெட்டி, தண்ணீர் தேங்கிக் காய்கிற குழியாக்கினார். கரை சரியாமல் இருக்க என் செங்கல்லை எடுத்துத்தான் கட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

பின்னால் எண்பதுகளில் சுற்றிலும் மில்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்க்கால், எல்லாம் ஓடைக்கு. அத்தனைக்கும் அடைக்கத் தோலும் இல்லை, உட்கார ஆளும் இல்லை. ஆனால் அதற்கு முன் சில வருடங்கள் அந்த ஊற்று இருந்தது. ஊர் அதில்தான் குடித்தது.

அடுத்த தையில் மலைப் பெண்கள் வந்தபோது நான் குழிக் கரையில் நின்றிருந்தேன். வீடு போன பிறகும் என் கால் அங்கேதான் போனது. அவர்கள் வழக்கம்போல முதலில் ஓடைக்குப் போய்த் தோண்டினார்கள். அக்காவின் பையன் நடந்து வந்திருந்தான். ஊற்றுக்குள் காலை விடப் போனவனை முதுகில் ஒன்று வைத்து இழுத்தாள். பிறகு கையில் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, அவனுக்கும் புகட்டினாள். அங்கிருந்து நேரே குழிக்கு வந்தாள். கரையைக் காலால் மிதித்துப் பார்த்தாள். செங்கல் இளகிய இடத்தில் கொஞ்சம் தோலும் மண்ணும் வைத்து அடிக்கச் சொன்னாள். குழியிலிருந்து வீச்சம் குபீரென்று வந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்குது அக்கா?" என்று கேட்டேன்.

"தண்ணி நல்லா இருக்குது அம்மணி" என்றாள். "உங்க ஊடுதான் நாறுது."

சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும், உட்கார்ந்து அழாமல் போய்க் கரையை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.